அலையை அளப்போர் யார்?

“நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே மின்சாரத்துக்குப் பஞ்சமா?” என்று கேட்போர் தொகை பெருகிவருகிறது. கேட்போர் கடலைக் கண்டதுண்டோ என நாம் ஐயுறுகிறோம். பாக்கு நீரிணையின் ஆழமற்ற நீரும் காலிக் கோட்டையை மோதும் நீரும் ஒன்றா? தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் ஏதுமில்லை. அத் தென்சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து, காற்றடங்கிய நாளிலும் நமது தென்கரையை வந்தடைகின்றன. யாழ்ப்பாணத்துக் கரைக்கு அந்தப் பேறு இல்லை.

மறுசாராரோ, “வெப்பவலயத்து அலை ஸ்கொத்லாந்தின் அலைக்கு ஈடாகாது” என்று கூறி ஏட்டை மூடிவிடுகின்றனர். வலுவிலே ஈடாகாது என்பது மெய்யே. ஆயினும், அங்கே மாரிகாலப் புயலலைக்கு உடையாதவாறு இயந்திரம் சமைக்க ஆகும் செலவையும் கணக்கிலே சேர்க்க வேண்டாமா?

இரு சாராரையும் மயக்குவது ஆண்டுச் சராசரி என்னும் ஒற்றை எண். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கும் அலைவுக் காலத்துக்கும் ஏற்பப் பெருகுவது. 1 மீற்றர் உயரமும் 8 செக்கன் காலமும் உடைய அலைகள், ஒரு மீற்றர் அகலத்துக்கு ஏறத்தாழ 4 கிலோவாற்று தாங்கி வரும்; 2 மீற்றரும் 10 செக்கனுமாயின் ஏறத்தாழ 20. உயரம் இரட்டித்தது, ஆற்றலோ ஐந்து மடங்காயிற்று! இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பெறும் எண்ணுக்கு எந்த மாதத்திலே விளக்கெரியும்?

கேரளத்து விழிஞ்ஞம் இதற்குச் சான்று. சென்னை ஐ.ஐ.டி.யினர் வடிவமைத்த 150 கிலோவாற்று நிலையமொன்று 1991இல் அங்கே இயங்கத் தொடங்கிற்று. மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையொட்டி ஒரு கொங்கிறீற்றுப் பேழை. அதனுள்ளே அலை ஏறியிறங்க, அடைபட்ட காற்றுச் சுழலியை ஓட்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களிலே தலைநிமிர்ந்த நிலையம், டிசெம்பர் முதல் மார்ச் வரை சோர்ந்தது. பின்னர் கடல்நீரை நன்னீராக்கவும் அது பயன்பட்டது, இன்று இயங்கவில்லை. அதனைத் தோல்வியென எள்ளுவோருடன் நாம் உடன்படோம். வரைபடங்கள் மறைத்த பருவவேற்றுமையை அந்தப் பேழையல்லவா வெளிப்படையாகக் காட்டிற்று!

இன்னொன்று. ஆழ்கடலிலே பெற்ற எண்ணைக் கரைக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. அடித்தளத்து உராய்வும் பவளப் பார்களும் வழியிலேயே ஆற்றலை விழுங்கிவிடும். மிதவைக் கருவிகளை இட்டு, மாதந்தோறும், ஆண்டுக்கணக்கிலே அளக்க வேண்டும். எந்தப் பாரிலே எப்போது அலை உடையும் என்பதை மாத்தறையிலும் தங்காலையிலும் உள்ள சிங்களக் கடற்றொழிலாளர் அன்றாடம் கண்டறிந்தவர்கள். அவர்களை அணுகாமலே மதிப்பீட்டை முடித்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தும் நாளிலே, “வலையை வேறிடத்தில் போடுங்கள்” என்று உத்தரவிடுவதா? கரைவலை இழுக்கும் பாடு எது, வள்ளம் வெளியேறும் வழி எது என்பவற்றைக் குறிக்காத எந்த அலை வரைபடத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.