இரவுப் பாசனத்துக்கு டார்ச்: செல்லையும் சார்ஜரையும் சோதித்து வாங்குங்கள்

ஒரகடம் அருகே வல்லம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் நவரை நெல் போட்டிருக்கிறார். மகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதிலிருக்கும் செல்களைக் கொண்டு அலுமினியக் குழாயில் கையடக்க டார்ச் செய்வது மகனுக்கும் நண்பர்களுக்கும் பொழுதுபோக்கு. யாருடையது அதிக தூரம் அடிக்கிறது, யாருடையது அதிக நேரம் நிற்கிறது என்று மொட்டை மாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அப்படிச் செய்த டார்ச் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறான்.

"வெளிச்சம் ஏரிக்கரை வரை போகிறது. ஆனால் சந்தையில் வாங்கிய சார்ஜரில் போட்டால் செல் தொட முடியாமல் சுடுகிறது. இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சார்ஜ் போடுகிறோம். தொடர்ந்து பயன்படுத்தலாமா?" என்பது அவர் கேள்வி.

அந்தச் செல்லையும் சார்ஜரையும் இன்றே நிறுத்திவிட வேண்டும். டார்ச்சை நிறுத்த வேண்டியதில்லை. நல்ல செல்லும் நல்ல சார்ஜரும் வாங்கிக்கொண்டால் மகன் செய்த டார்ச் நன்றாகவே உழைக்கும்.

டார்ச் ஏன் அவசியம்?

மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் இருட்டில் வரப்பில் நடந்தே ஆக வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கண்ணாடி விரியன் நெல் வயலிலும் வைக்கோல் போரிலும் இருக்கும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அது கடித்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது.

இதற்கு ஏரிக்கரை வரை அடிக்கும் வெளிச்சம் தேவையில்லை. குறுகலான ஒளி தூரத்தைக் காட்டும், காலடியைக் காட்டாது. நடப்பதற்கு 100 முதல் 200 லூமன் போதும். ஒளி அகலமாகப் பரவ வேண்டும். நீலம் கலந்த வெள்ளையைவிட, நிறங்களைச் சரியாகக் காட்டும் இளமஞ்சள் வெள்ளை நல்லது. இலையில் பூச்சித் தாக்குதலைப் பார்க்கவும் அது உதவும். கை ஓய்வாக இருக்க நெற்றியில் மாட்டும் டார்ச் வசதி. முழங்கால் வரை பூட்ஸும் கையில் ஒரு கம்பும் இருக்கட்டும்.

செல்லை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலான லேப்டாப், டார்ச் செல்களை 18650 என்பார்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். இது லித்தியம் அயனி வகை. 1991-இல் சோனி நிறுவனம் இவ்வகைச் செல்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விதைப் பையில் அச்சடித்த முளைப்புத்திறனை நம்பி யாரும் விதைப்பதில்லை. நூறு விதையை ஈரத்துணியில் கட்டிப் பார்க்கிறோம். செல்லுக்கும் அப்படியே. மேலே 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் அது போலி. இந்த அளவுள்ள நல்ல செல்லே பெரும்பாலும் 3,500-ஐச் சுற்றித்தான் இருக்கும். மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். 30 கிராமுக்கும் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம்.

லேப்டாப்பிலிருந்து எடுத்த செல் ஏற்கெனவே பல ஆண்டு உழைத்தது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடாது; உள்ளே பழுதாகித் தீப்பிடிக்கக்கூடும். இரண்டு செல் போடும் டார்ச்சில் பழையதும் புதியதும் கலக்கக்கூடாது. வலுவிழந்த செல் முதலில் காலியாகி, மற்றதன் அழுத்தத்தில் கெட்டுச் சூடாகும். வெளி உறை கிழிந்த செல்லும் ஆபத்து.

சார்ஜர்தான் முக்கியம்

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை வால்வு மூடிக்கொள்கிறது. நல்ல சார்ஜரும் செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடும். மட்டமான சார்ஜரில் இந்த ஏற்பாடு இருக்காது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

மோட்டார் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும். பச்சை விளக்கு வந்து அரை மணி நேரம் கழித்து, செல்லைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். 4.25-க்கு மேல் காட்டினால் அந்தச் சார்ஜரை ஒதுக்கிவிடுங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கி 2014-இல் மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்தில் சால்காம்ப் நிறுவனம் செல்போன் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. தரமான சார்ஜர் தயாராகும் ஊரிலேயே, வயலுக்குப் போவது மட்டும் பெயரில்லாத சந்தைச் சரக்காக இருக்கிறது. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லுக்கான தர எண் ஐ.எஸ். 16046.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுங்கள். கட்டில், பாய், ஓலைக் கூரை, வைக்கோல் அருகில் வேண்டாம். சிமென்ட் தரையில் மண் தட்டு வைத்து அதன்மேல் போடலாம்.

2. வெயிலில் காயும் பம்புசெட் தகரக் கொட்டகையிலும் வண்டிப் பெட்டியிலும் செல்லை வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் ஏற்றக்கூடாது.

3. சில்லறைக் காசு, சாவியுடன் சட்டைப் பையில் செல்லைப் போடாதீர்கள். இரு முனையும் இணைந்தால் தீப்பொறி வரும்.

4. செல் புகைந்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். குழந்தைகளை வெளியேற்றிவிட்டு, எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

5. கெட்ட செல்லின் முனைகளில் டேப் ஒட்டி, விற்ற கடையில் திருப்பிக் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி, திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எருக்குழியில் போடாதீர்கள், எரிக்காதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பாம்பு கடித்துவிட்டால் கத்தியால் கீறவோ கயிற்றால் இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வல்லம் வாசகரின் மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மொட்டை மாடியில் தூரத்தை அளக்கும் நண்பர்கள், அடுத்த முறை ஒரு தராசையும் மல்டிமீட்டரையும் கொண்டுவரட்டும். செல்லின் எடை என்ன, சார்ஜர் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது, வெளிச்சம் காலடியில் எவ்வளவு அகலம் பரவுகிறது என்று ஒப்பிடட்டும். அதில் தேறிய டார்ச்சை அப்பா கையில் கொடுக்கட்டும்.