நின்றால்தான் கடிக்கும்

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிறையப் பேர். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மணிக்குக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் வேகம். கொசு மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் பறந்தாலே அதிகம். பிறகு எப்படிக் காலெல்லாம் தடிப்போடு வீடு திரும்புகிறார்கள்?

ஓடுவதற்கு முன் வார்ம் அப் செய்யும்போதும், ஓடி முடித்து மூச்சு வாங்க உட்காரும்போதும்தான் கடி விழுகிறது. இரண்டாவதில்தான் அதிகம். மூச்சில் வெளியேறும் கரியமில வாயு, வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலம், உடம்புச் சூடு இவற்றைத் தேடித்தான் பெண் கொசு வருகிறது. ஓடி முடித்தவரிடம் மூன்றுமே தூக்கலாக இருக்கும். அதனால் நிற்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: பக்கிங்காம் கால்வாய் ஓரமும் மூடாத வடிகால் பக்கமும் வேண்டவே வேண்டாம். கடற்கரை என்றாலே கொசு இராது என்பதும் பாதிதான் சரி. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கொசுவால் நிதானமாகப் பறக்க முடியாது. விடியலில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், அல்லது நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும்.

கொசுவிலும் வகை உண்டு. கால்வாய்ச் சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் இருட்டில் கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகல் கொசு. விடிந்த பிறகு ஓரிரு மணி நேரமும், அந்தி சாய்வதற்கு முன்பும் அதற்கு வேட்டை நேரம். ஓடுகிறவர்களின் நேரமும் அதுவேதான். ஏடிஸுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த நீர் போதும். நகரத்தில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சியும் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. திட்டெல்லாம் கால்வாய்க்குப் போகிறது. டெங்கும் மலேரியாவும் நம் வீட்டுத் தண்ணீரிலிருந்தே கிளம்புகின்றன.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை நம்பிச் சாலையோரம் பஞ்சர் கடைகள் இருக்கின்றன. மழை விட்டுச் சில நாள் கழித்து, அங்கே கிடக்கும் பழைய டயர் ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள், நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். ஒரு வாரம், பத்து நாளில் அவை சிறகு முளைத்துப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் உட்சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் பல மாதம் காய்ந்தே கிடந்து அடுத்த மழையில் பொரியும். தேய்த்துக் கழுவச் சொல்வது அதற்காகத்தான். வீட்டு டிரம்முக்கும் இதே கதை.

கறுப்பு டி-ஷர்ட் கொசுவை இழுக்கும். வெளிர் நிறத்தில், தொளதொளவென்று, முழங்கையும் கணுக்காலும் மூடும்படி உடுத்துங்கள். ஓடோமாஸ் போன்ற களிம்பைத் தடவிக்கொண்டு போனாலும் வியர்வை அதைக் கரைத்துவிடும். ஓடி முடித்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குவின் உடம்பு வலி, நேற்று ஓடிய வலி போலவே தோன்றலாம். காய்ச்சலோடு வலி இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கடையில் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தை அவை கூட்டும். பாராசிட்டமால் அளவோடு போதும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.