தண்ணீர்ப் பக்கம் போகாதே!

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சம்மர் கேம்ப்! அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கோடிங், வேத கணிதம். பத்து நாளைக்கு இத்தனை ஆயிரம் ரூபாய். ஏ.சி. அறை, சிசிடிவி கேமரா உண்டு. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகனோடு இங்கே குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நோட்டீஸில் ஒன்றிலாவது 'நீச்சல்' என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. 'படகு' என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பால்கனியில் நின்றால் ஏரி தெரிகிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் என்று கோப்பு தள்ளியவன் நான். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஏரிக்கரையில்தான் போய் முட்ட வேண்டும். ஆனால் இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி நாம் சொல்லிக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பாடம்: தண்ணீர்ப் பக்கம் போகாதே.

சங்கக் கூட்டத்தில் போன வருஷம் இதை எழுப்பினேன். "ஏதாவது ஆச்சுன்னா யாரு அங்கிள் பொறுப்பு?" என்றார் ஓர் இளைஞர். நல்ல கேள்விதான். நானும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் 'ஏரியில் குளிக்கச் சென்ற மாணவர்கள் பலி', 'கல்குவாரிக் குட்டையில் மூழ்கிய சிறுவன்' என்று செய்தி வருகிறதே, அதற்கு யார் பொறுப்பு? அந்தப் பிள்ளைகளை யாரும் ஏரிக்கு அழைத்துப் போகவில்லை. போகாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். பையன் போகத்தான் செய்வான். வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் கண்ணெதிரே கிடக்கிறது. சொல்லாமல் போவான், நீச்சல் தெரியாமல் போவான், அவனைப் போலவே நீச்சல் தெரியாத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவான். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் இறங்குவான். நாம் விதித்த தடை அவன் போவதைத் தடுக்கவில்லை, கூடவே ஒரு பெரியவர் போவதைத்தான் தடுத்தது.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் குறைக்க அது சொல்லும் வழிகளில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் எப்படி நடந்துகொள்வது என்பதும் கற்றுக்கொடுப்பது ஒன்று. பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பங்களாதேஷில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, ஆழத்துக்குப் போகாதபடி அடைப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மூங்கிலுக்கா பஞ்சம்?

நான் இதைப் புத்தகம் படித்துப் பேசவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வகுப்பில் 'திக்தே' எழுதுவோம், அதாவது மெஸ்யே சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். பாதி பாடம் பிரெத்தாஞ் கடற்கரை மீனவர்களைப் பற்றியதாகவே இருக்கும். அவர்களுடைய வலை, பாய், புயல் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். சில மைல் தெற்கே வீராம்பட்டினத்தில் நம் மீனவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஒருவனுக்கும் தெரியாது. 1964 கோடையில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் பன்னிரண்டு பையன்களைத் திரட்டிப் பதினைந்து நாள் அங்கே கொண்டுபோய் வைத்தார். சவுக்குத் தோப்பில் ஓலைக் கொட்டகை. இரண்டு வேளை கஞ்சி, ஒரு வேளை சோறும் மீன் குழம்பும்.

முதல் ஐந்து நாள் நீச்சல் மட்டும். ஆறாம் நாள்தான் கட்டுமரத்தில் ஏறவிட்டார் அந்த ஊர்ப் பெரியவர். எங்கள் மெஸ்யே உட்பட எல்லோரும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேச்சு குறைவு. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் விடியுமுன் போக வேண்டும், பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்ப வேண்டும். நிலம் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும், கடல் அப்படியில்லை என்று பூகோள வகுப்பில் இரண்டு வருஷம் எழுதிய விஷயம், அன்றுதான் என் முதுகில் காற்றாகப் பட்டது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஏறிக் கனத்துவிடும். அந்த வேலையும் எங்களுக்குத்தான். கை கொப்பளித்தது. பயம் தெளிந்தது. பயம் தெளிந்ததென்றால் துணிச்சல் வந்ததென்று அர்த்தமில்லை. எந்த அலைக்குப் பயப்பட வேண்டும், எந்த அலைக்கு வேண்டாம் என்று தெரிந்தது.

அந்த முகாமில் ஒரு பெண் பிள்ளைகூடக் கிடையாது. அந்தக் காலத்தை இந்த விஷயத்தில் நான் புகழப் போவதில்லை. மீனவர் வீட்டில் சாப்பிட்டதற்காகச் சில பையன்களின் வீட்டில் நடந்த ரகளையையும் மறக்கவில்லை.

('கதமரான்' என்று பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் இன்று சொல்லும் இரட்டை உடல் பந்தயப் படகுக்குப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பெயரை ஏற்றுமதி செய்துவிட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகும் மோட்டாரும் பெருகி, பாய் விரித்த கட்டுமரம் இன்று அபூர்வமாகிவிட்டது. அது மீனவரின் பிழைப்பு, குறை சொல்ல நான் யார்?)

அது கடல், இது ஏரி என்பீர்கள். போபாலில் கடல் எங்கே இருக்கிறது? அங்கே பெரிய ஏரியில் பாய்மரப் படகுப் பள்ளி நடக்கிறது. அதில் பயின்ற நேஹா தாக்கூர், ஒரு விவசாயியின் மகள், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். ஹைதராபாத் உசேன் சாகரில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பாய் விரிக்கிறார்கள். நம் சென்னையின் நேத்ரா குமணன் 2009-ல், பன்னிரண்டு வயதில், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில்தான் முதன்முதலாகப் படகேறினார். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். கோடை முகாம் என்றால் அது!

பிரான்ஸில் கிளெனான் தீவுகளில் வியானே தம்பதி 1947-ல் ஒரு பாய்மரப் பள்ளி தொடங்கினார்கள். யுத்தத்தில் நாஜிகளை எதிர்த்து நின்று களைத்துப்போன இளைஞர்களுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டுமே என்றுதான் ஆரம்பம். யுத்தத்தில் நொந்துபோன தேசம் அதற்கு நேரம் ஒதுக்கியது. நமக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத்துக்கு 1990 முதல் தனி ஓடுபாதை இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்பினால் விளையாட்டு, ஏரியில் துடுப்புப் போட்டால் ஆபத்தா?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி திறந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்று இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். மொட்டை மாடியில் நின்ற எஞ்சினியர்களையும் மேனேஜர்களையும் இறக்கியது யார்? லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள். அத்தனை ஏரிக்கு நடுவில் குடியிருந்தோம், படகு தள்ளத் தெரிந்த ஆள் கடற்கரையிலிருந்து வரவேண்டியிருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி, அதைத் தொட வேண்டாம். ஆழம் தெரிந்த, மண் அள்ளிப் பள்ளம் விழாத ஒரு சின்னப் பாசன ஏரி போதும். ஓரத்தில் அடைப்பு, ஆண் பெண் இருவரிலும் பயிற்சியாளர்கள், உயிர்காக்கும் சட்டைகள், பத்து 'ஆப்டிமிஸ்ட்' படகுகள். இந்தப் படகு இரண்டேகால் மீட்டர் சொச்சம் நீளம், 35 கிலோ எடை, பதினைந்து வயது வரை பிள்ளைகள் ஓட்டலாம். பணம்? 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்த நெடுஞ்சாலையில் நிழற்குடையும் பெயர்ப்பலகையும் போதுமான அளவு வைத்தாகிவிட்டது. உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் முதல் வரிசையில் இருக்க வேண்டும். அடுக்குமாடிப் பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து கஞ்சி குடிக்கட்டும்.

மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், மூன்று பக்கம். குமாஸ்தா எழுதிய மனு, குறிப்பு எண் வரை சரியாக இருக்கும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை அரச மரத்தடியில் இருப்பேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் பேரப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பேனா நான் கொண்டு வருகிறேன்.