ஆட்டுக்கு எந்த மருந்து?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு மழை பொய்ப்பது புதிதல்ல. பருத்தியும் கம்பும் கைவிட்டாலும் பட்டியில் நிற்கும் நாலு ஆடுகள் குடும்பத்தைக் காப்பாற்றிவிடும். அந்த ஆடு மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து படுத்துவிட்டால் குடியானவர் பதறுவது இயற்கை. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துப் புகட்டுகிறவர்களும் உண்டு. மனிதருக்குக் கேட்கும் மருந்து ஆட்டுக்குக் கேட்காதா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ரெம்டெசிவிர், பூனைகளைக் கொல்லும் ஒருவகைக் கொரோனா நோயையும் தீர்க்கிறது. ஆனால் அது வைத்தியர் அளந்து தரும் மருந்து. அளவின்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? மனிதரின் ப்ளூ காய்ச்சலுக்கான அமான்டடினைச் சீனக் கோழிப்பண்ணைகளில் தாராளமாகக் கொடுத்ததாக 2005இல் செய்தி வெளியாயிற்று. அந்த மருந்துக்கு அடங்காத பறவைக் காய்ச்சல் கிருமிகள் அதற்குள் தோன்றியிருந்தன. கோழி, வான்கோழி, வாத்துகளுக்கு மனிதரின் ப்ளூ மருந்துகளைக் கொடுக்கக் கூடாதென்று 2006இல் அமெரிக்கா தடை விதித்தது. கோழிக்கு வீணடித்த மருந்து, நாளை குழந்தைக்குப் பலிக்காமல் போகலாம் அல்லவா?

மேலே சொன்ன அறிகுறிகள் ஆட்டுக்கொல்லி நோயின் அறிகுறிகள். இதுவும் வைரஸ் நோயே. இதைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. வைத்தியர் போடும் ஊசி, பின்னால் தொற்றும் வேறு கிருமிகளைத் தடுப்பதற்கே. கிடையில் ஒன்றுக்கு வந்தால் மந்தைக்கே பரவும்.

மருந்து இல்லையே தவிர, வழி இருக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். அங்கே எடுத்த கிருமியை வலுவிழக்கச் செய்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி கண்டது. ஒரு தடவை போட்டால் குறைந்தது 3 ஆண்டு காக்கும். மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகத்தை விட்டே விரட்டியதும் தடுப்பூசியே, மாத்திரை அன்று.

ஆகவே அரசு செய்ய வேண்டியது ஒன்று: ஆடு ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், தடுப்பூசி கிடைக்குச் செல்ல வேண்டும். மேய்ச்சல் தேடி ஊர்விட்டு ஊர் போகும் மந்தைகளும் விடுபடலாகாது. மருந்துக் கடைக்காரர்கள் சீட்டின்றி மாத்திரை கொடுப்பதை நிறுத்த வேண்டும். குடியானவர்களும் ஆடு சோர்ந்த அன்றே 1962 என்ற எண்ணை அழைக்கலாம்; நடமாடும் கால்நடை வைத்தியம் அதற்காகவே இருக்கிறது.

ஆட்டைக் காப்பதும் மருந்தின் வீரியத்தைக் காப்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல. இரண்டும் ஒரே குடும்பத்தின் நலம்தான்.