பிலாத்தின் அச்சம்

ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் எழுந்து நின்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவைத் தவிர மானிடர் இருவரின் பெயர்களே இடம்பெறுகின்றன. ஒருவர் அவரை ஈன்ற அன்னை மரியா. மற்றவன் அவரைச் சாவுக்குக் கையளித்த போஞ்சு பிலாத்து. மீட்பின் நிகழ்ச்சி வரலாற்றில் நடந்தது என்பதற்குச் சான்றாகவே அவன் பெயர் சேர்க்கப்பட்டது என்பர் மறைநூல் அறிஞர். அது உண்மையே. எனினும் உழைத்துப் பிழைக்கும் நமக்கு அப்பெயர் மற்றோர் எச்சரிக்கையும் விடுக்கிறது.

யோவான் நற்செய்தியைத் திறந்து பாருங்கள். இயேசுவிடம் குற்றம் ஏதும் காணவில்லை என்று பிலாத்து மும்முறை அறிவிக்கிறான். அவரை விடுவிக்க வழியும் தேடுகிறான். ஆனால் இவரை விடுவித்தால் சீசருக்கு வேண்டாதவனாகிவிடுவாய் என்று கூட்டத்தினர் மிரட்டியதும் அவன் உள்ளம் தளர்ந்துவிடுகிறது. இறைமகனைச் சிலுவைக்கு அனுப்பியதில் பகைவரின் வெறுப்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஓர் அதிகாரியின் பதவி அச்சத்திற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்த அச்சம் இன்று நம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் குடியிருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, மேலாளரின் முகம் மாறிவிட்டதே, அடுத்த மாதம் வீட்டுக்கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்று ஏங்குவோர் எத்தனை பேர்! இவர்களுக்கு நாம் கூறும் ஆறுதல் என்ன? “அஞ்சுவது விசுவாசக் குறைவு, நவநாள் செய்யுங்கள், ஆண்டவர் உங்கள் வேலையைக் காப்பார்” என்கிறோம். பக்தி மணக்கும் இந்த அறிவுரையில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதற்பிழை, அச்சத்தையே பாவமாக்குவது. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார்; துன்பக் கிண்ணம் அகலாதா என்று தந்தையிடம் கெஞ்சினார். அவர் பாவம் செய்தாரா? எந்நேரமும் நீக்கப்படலாம் என்ற நிலையில் வைக்கப்பட்டவனின் அச்சம் அவனது குறையன்று. அவனை அந்நிலையில் வைத்தவர்களின் குறை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலும், திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலும் நியாயமான ஊதியத்தைக் கோரின. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டன. பொறுத்துக்கொண்டு செபமாலை சொல் என்பதோடு திருச்சபை நிறுத்திக்கொள்ளவில்லை. நாம்தாம் நிறுத்திக்கொள்கிறோம்.

இரண்டாம் பிழை, விசுவாசத்தை வேலைக்கான காப்பீடாக்குவது. நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாய் இருந்தவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விசுவாசம் அவருடைய பதவியைக் காத்ததா? பதவி போயிற்று, சிறையும் சித்திரவதையும் வந்தன, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது மகிழ்ந்து கொண்டாடிய நாம், பதவி உயர்வு கேட்டு அவரிடமே விண்ணப்பம் வைத்தால் அவர் என்ன நினைப்பார்?

இதை எழுதும் நானும் பிலாத்தின் மரபில் வந்தவனே. நான் பணியாற்றிய அலுவலகத்தில், தற்காலிக ஊழியர் ஒருவர்மீது அவர் செய்யாத கணக்குப் பிழை சுமத்தப்பட்டது. உண்மை எனக்குத் தெரியும். பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம் அது. விசாரணையில் “நினைவில்லை” என்றேன். அவர் நீக்கப்பட்டார். அன்று மாலையே கோவிலுக்குச் சென்று, என் மனக்கலக்கம் நீங்க வேண்டுமென மன்றாடினேன். அது நீங்கவில்லை. நீங்காமற் போனதே ஆண்டவர் எனக்குக் காட்டிய இரக்கம் என்று இன்று உணர்கிறேன்.

“உண்மை பேசிவிட்டு வேலையை இழந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. துணிவு கொள் என்று மேடையிலிருந்து முழங்குவோர் அனைவரும் இதற்கு விடை கூறியாக வேண்டும். தொடக்கத் திருச்சபையில் தம் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்ததால் வறுமைப்பட்டோர் எவரும் இருக்கவில்லை என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. நீதிக்காக வேலை இழந்தவனின் குடும்பத்தை ஆறு மாதங்கள் தாங்க, நம் அன்பியங்களில் எத்தனை முன்வரும்? திருவிழாவின் வாணவேடிக்கைக்குத் திரட்ட முடிகிற பணத்தை இதற்குத் திரட்ட முடியாதா? தனியொருவனாய் நிற்பவனிடம் அஞ்சாதே என்பது எளிது. அவனைத் தனியே நிற்கவிடாதிருப்பதே விசுவாசம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் திருச்சபை நிறுவனங்கள் சிலவற்றிலும் குறைந்த ஊதியத்திற்கு, வாய்திறக்க அஞ்சி, ஆண்டுதோறும் பணிநீட்டிப்புக்காகக் காத்திருக்கும் ஆசிரியைகள் உண்டு, கணக்கர்கள் உண்டு. மே முதல் நாளன்று தொழிலாளரான புனித சூசையப்பருக்கு விழா எடுத்துவிட்டு, மறுநாள் அவர்களை அச்சத்தில் வைத்திருப்பது எந்த நற்செய்தி? பிறருடைய ஆலைகளை நோக்கி நாம் நீட்டும் விரல் முதலில் நம் வளாகத்துக்குள் திரும்பட்டும்.

விசுவாசம் அச்சத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தன்று. அச்சம் இருக்கும்போதே, எனக்கு ஆண்டவர் ஒருவரே, என் பதவி ஆண்டவரன்று என்று சொல்ல வைக்கும் வலிமை அது. ஊதியம் தருபவர் நம் உழைப்பை வாங்கலாம். மனச்சான்றை வாங்க அவருக்கு உரிமையில்லை.

பிலாத்து அவ்வளவு அஞ்சிக் காத்த பதவி அவனிடம் நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 36-ஆம் ஆண்டளவில், சமாரியர் மீது அவன் நடத்திய தாக்குதலுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு உரோமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டான். அவன் கழுவிய கைகள் மட்டுமே நினைவில் நிற்கின்றன. பதவியை இழந்த தேவசகாயமோ கோட்டாறு பேராலயத்தில் துயில்கிறார். மக்கள் அவரை நாடிச் செல்கின்றனர்.

வரும் ஞாயிறன்று விசுவாசப் பிரமாணத்தில் அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லும்போது, ஒரு நொடி நம் கைகளையும் பார்த்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் அவை என்ன செய்யப்போகின்றன?