மரக்காணத்தில் ஐஸ் கட்டி!

விமானம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஜன்னலோர ஸீட், காதை அடைக்கும் 'ஙொய்ங்', விலை கேட்டாலே பசி அடங்கிவிடும் ஸாண்ட்விச். அதெல்லாம் பெரிய விமானம், ஸார். அதில் நாம் வெறும் பார்சல். ஏற்றுகிறார்கள், பெல்ட் போடச் சொல்கிறார்கள், இறக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு ரகம் இருக்கிறது. உதாரணத்துக்கு செஸ்னா 172. முன்னால் ஒரே ஒரு இன்ஜின், ஒரே ஒரு விசிறி. நாலு பேர் உட்காரலாம், அதில் இரண்டு பேர் ஒல்லியாக இருந்தால் நல்லது. மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். இதுவரை 44,000-க்கு மேல் செய்து விற்றிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் தயாரான விமானம் இதுதான். ஆகாயத்து அம்பாஸடர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதை ஓட்ட 'பிரைவேட் பைலட் லைசென்ஸ்' போதும். 17 வயது, பத்தாவது பாஸ், டாக்டர் சர்டிபிகேட், பரீட்சைகள், குறைந்தது 40 மணி நேரம் பறந்த கணக்கு. எல்லாம் முடிந்து கைக்கு லைசென்ஸ் வந்ததும் முதல் நிபந்தனை: இதை வைத்துக்கொண்டு ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாது!

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வரவுப் பக்கமே இல்லாத ஒரு பேரேடு!

என் நண்பர் ஒருவர் அந்தப் பேரேட்டைத்தான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். பெயர் வேண்டாம். இதுவரை மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று அவர் மனைவிக்குப் பாதிதான் தெரியும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வாடகைக்கு விமானம் எடுப்பார். ஒரு மணி நேர வாடகை ஐந்து இலக்கம். "எங்கேப்பா போனே?" என்று கேட்டால், "பாண்டிச்சேரி போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்தேன்" என்பார். உலகத்திலேயே காஸ்ட்லியான டீ!

கிளம்புவது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளைட் பிளான் எழுதிக் கொடுக்க வேண்டும். விமானப் படை தரப்பிலிருந்து ஒரு அனுமதி நம்பர், ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டரிலிருந்து இன்னொரு நம்பர். வழியில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் பக்கமே மூக்கை நீட்டக் கூடாது, விலகிப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதே தேவலை என்பார்.

பெட்ரோல் இன்னொரு கூத்து. பெரிய ஜெட் குடிப்பது மண்ணெண்ணெய்க்கு அண்ணன். இந்தக் குட்டி விமானத்துக்கு 'ஏவ்கேஸ்' என்று தனி பெட்ரோல். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து விற்க ஆரம்பிக்கும்வரை அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

* * *

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை. நண்பர் கடற்கரையோரமாக வடக்கிலிருந்து புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தார். இடது பக்கம் வங்காள விரிகுடா. வலது பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எறும்பு மாதிரி பஸ். ஆலம்பரைக் கோட்டை தாண்டிவிட்டது. அடுத்தது மரக்காணம்.

மேலேயிருந்து பார்த்தால் மரக்காணத்தைத் தவறவிடவே முடியாதாம். தமிழ்நாட்டு வரைபடத்தில் யாரோ வெள்ளை சாக்பீஸால் கட்டம் போட்டது மாதிரி உப்பளம். சில கட்டம் வெள்ளை, சிலது சாம்பல், சிலதில் வானமே படுத்திருக்கும். அதற்குப் பின்னால் கழுவேலி ஏரி. சீசனில் பூநாரைகள். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதேதான்.

அந்த இடத்தில் அவர் இன்ஜின் வேகத்தைக் குறைத்து இறக்கத்தை ஆரம்பித்தார். 2,000 அடிக்கு வந்தபோது இன்ஜின் இருமியது.

சாதாரண இருமல் இல்லை. டி.பி. ஆஸ்பத்திரி இருமல். விமானமே குலுங்கியது. விசிறியின் சுற்று குறைந்துகொண்டே வந்தது.

காரணம் என்ன தெரியுமா? ஐஸ்!

சிரிக்காதீர்கள். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மரக்காணத்தில், விமான இன்ஜினுக்குள் ஐஸ் கட்டி. அவருடையது பழைய மாடல், கார்புரேட்டர் வைத்தது. (பைக் வைத்திருந்த சீனியர்களுக்குப் புரியும். 2020-க்குப் பிறகு பைக் வாங்கிய தம்பிகள் அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.) கார்புரேட்டரின் குறுகின கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது குளிரும். பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிரும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகிற அதே சமாசாரம். 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரம் உள்ளே பனியாக உறைந்து, இன்ஜினின் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து இறங்கும்போதுதான் இந்த வம்பு அதிகம். இமயமலையில் வர வேண்டிய வியாதி மரக்காணத்தில் வரும்.

மருந்து இருக்கிறது. ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால், சைலன்ஸர் பக்கத்துச் சூடான காற்று உள்ளே போய் ஐஸை உருக்கும். நண்பர் இழுத்தார்.

இருமல் ஜாஸ்தியாகிவிட்டது!

அதுதான் இதில் சிக்கல். உருகின தண்ணீர் இன்ஜினுக்குள்தானே போக வேண்டும்? மருந்து வேலை செய்வதற்கு முன்னால் வியாதி முற்றின மாதிரி காட்டும். பயந்துபோய்க் குமிழைத் திருப்பி அமுக்கினால் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் காத்திருந்தே?"

"வாட்ச்படி அரை நிமிஷம். எனக்கு அது ஒரு ஃபைனான்ஷியல் இயர்" என்றார்.

* * *

அந்த அரை நிமிஷத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சாமி கும்பிடவில்லை. இடம் தேடிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. செஸ்னா போன்ற விமானம் ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். 2,000 அடி உயரம் என்றால் ஐந்தரை கிலோமீட்டர், மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால் உயரம் என்பது பாங்க் பாலன்ஸ். வருமானம் நின்ற பிறகு அதை வைத்துத்தான் குடித்தனம். புதுச்சேரி விமான நிலையமோ இன்னும் முப்பது கிலோமீட்டர் தாண்டி.

ரோடில் இறங்கலாமா? பஸ், லாரி, குறுக்கே கரண்ட் கம்பி. கடற்கரை? பொதபொத மணல், படகு, வலை, குழந்தைகள். ஏரி? நீச்சல் தெரிந்தால் யோசிக்கலாம். மிச்சம் உப்பளம். மேலேயிருந்து பார்க்க கேரம் போர்டு மாதிரி சமதளம். இறங்கு இறங்கு என்று கூப்பிடும்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு, ஒரு தடவை மரக்காணம் போனபோது உப்பளத்து வரப்பில் நின்று பார்த்தேன். வெயில் மேலேயிருந்து பாதி, கீழேயிருந்து பாதி. கால் வைத்த இடமெல்லாம் உப்புச் சேறு. பெரியவர் ஒருத்தர் நீளக் கழியில் கோத்த பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் போயிற்று.

"ஐயா, அது இங்க இறங்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து, விமானத்தைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எறங்கலாம் தம்பி. ஏறத்தான் முடியாது."

அப்புறம் விளக்கினார். பாத்திக்குப் பாத்தி வரப்பு. வரப்பில் சக்கரம் இடித்தால் குப்புறக் கவிழும். தண்ணி கணுக்கால் அளவுதான், ஆனால் அடியில் சேறு வழுக்கும். "நாங்களே விழாம நடக்கப் பத்து வருசம் ஆவும். உப்புத் தண்ணில நின்னு நின்னு பாதம் பூரா வெடிப்பு. இதுல பிளேன் எங்க நிக்கும்?"

விமானப் பயிற்சியில் மணிக்கணக்காகச் சொல்லித் தருவதைப் பெரியவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். அவருக்கு அந்த மண்ணில் லைசென்ஸ் இருக்கிறது!

* * *

இந்த இடத்தில்தான் சின்ன ஓடுபாதையின் அருமை தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்ததும் மறந்துவிட்டார்கள். சோழவரம் ஓடுபாதையில் பிற்பாடு கார் ரேஸ் விட்டோம். அதைப் பார்க்க வெயிலில் நின்ற அண்ணன்மார்களுக்கு, அது விமானம் இறங்கக் கட்டிய இடம் என்பது தெரிந்திருக்குமோ என்னவோ.

பெரிய விமானம் வந்தால்தான் அது ஏர்போர்ட் என்று நமக்கு ஒரு எண்ணம். சேலத்தில் 1993-ல் நிலையம் திறந்தது. விமான சர்வீஸ் வந்தது, நின்றது. 2018-ல் வந்தது, மறுபடி நின்றது. 2023-ல் திரும்ப வந்தது. புதுச்சேரியும் அப்படித்தான். சுமார் 1,500 மீட்டர் ஓடுபாதை. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஏர்லைன்ஸ் கணக்கில் இந்த ஓடுபாதை ரொம்பச் சின்னது. என் நண்பர் கணக்கில் அது மெரினா பீச். அவருக்கு 400 மீட்டர் இருந்தால் போதும், இறங்கி நின்றுவிடுவார்.

நம் நாட்டு விமான சரித்திரமே சின்ன மைதானங்களின் சரித்திரம்தான். 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். நடுவில் ஆமதாபாத்தில் அவர் விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட் என்கிற வெள்ளைக்காரர். பம்பாயில் அவர்களுடைய ஏர்போர்ட் எது தெரியுமா? ஜூஹு கடலோரத்துச் சேற்று நிலம். மழைக்காலம் வந்தால் முழுகிவிடும். மூட்டை முடிச்சோடு புனேவுக்குக் குடிபோய்விடுவார்கள்.

மழை வந்தால் மூடுகிற தொழில் உப்பளம் மட்டும் என்று நினைத்திருந்தேன். இந்தியாவின் முதல் ஏர்லைனும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1930-ல், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் ஒரு போட்டி வைத்தார். ஜே.ஆர்.டி. இங்கிருந்து கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதினேழு வயசுப் பையன் அங்கிருந்து கிளம்பினான். எகிப்தில் அபூகீர் என்ற விமானத் தளத்தில் ஜே.ஆர்.டி. இறங்கினால், பையன் தவித்துக்கொண்டு நிற்கிறான். ஸ்பார்க் பிளக் போய்விட்டது, மாற்று இல்லை.

போட்டியாளர் சிக்கிக்கொண்டிருக்கிறார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஆபீஸ் பிரமோஷன் நேரத்தில் பக்கத்து ஸீட்காரரின் ஃபைல் காணோம் என்றால் என்ன செய்வோம் என்று மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்!

ஜே.ஆர்.டி. தன் உபரி பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பி. பிற்காலத்தில் இந்திய விமானப் படைக்கே தலைமைத் தளபதியானார்.

பிளக் கொடுக்க மனசு வேண்டும், சரி. ஆனால் கொடுக்க வேண்டுமானால் இரண்டு பேரும் முதலில் எங்கேயாவது இறங்கியிருக்க வேண்டும், இல்லையா? அந்த மைதானம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

* * *

நண்பர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். அரை நிமிஷத்துக்குப் பிறகு இன்ஜின் ஒரு பெரிய இருமல் இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டுப் பழையபடி பாட ஆரம்பித்தது. இறக்கத்தை நிறுத்தி, முதலில் உயரத்தைச் சேர்த்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் புதுச்சேரி. ஓடுபாதையில் சக்கரம் பட்டதும் இறங்கிப் போய் டீ குடித்தாராம். கை நடுங்கியதில் பாதி டீ சட்டைக்குப் போயிற்று. ஐந்து இலக்க டீ!

"இப்பவும் அந்தப் பக்கம் பறக்கிறியா?" என்றேன்.

"பறக்கிறேன். மரக்காணம் வந்தா இப்பல்லாம் முதல் வேலை, அந்தக் குமிழை இழுத்து வெச்சுடறது. இரண்டாவது வேலை, இறங்க இடம் பார்க்கிறது. இன்ஜின் நல்லா ஓடும்போதே பார்த்துடணும்ப்பா. நின்ன பிறகு பார்த்தா எல்லா இடமும் நல்ல இடமாத்தான் தெரியும்."

நான் பறப்பதாக இல்லை. வரவுப் பக்கம் இல்லாத பேரேடு எனக்கு ஆகாது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக பாங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன்.

என் உயரம், சரியாக 140 அடி!