கையெழுத்துக்கு என்ன விலை?

ஒரு கம்பெனிக்கு லாபமா, நஷ்டமா? வெளியே இருக்கிற நமக்கு அது எப்படித் தெரியும்?

ஆண்டுக்கு ஒரு முறை கம்பெனி கணக்கு வெளியிடுகிறது. இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, இவ்வளவு லாபம் என்று அச்சடித்துக் கொடுக்கிறது. அதை அப்படியே நம்பி விடலாமா?

நாம் நம்புவதற்காகத்தான் கணக்கின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது ஆடிட்டரின் கையெழுத்து. "நான் கணக்கைப் பார்த்தேன். சரியாக இருக்கிறது" என்பது அதன் பொருள்.

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பாங்கி கடன் கொடுக்கிறது. அதை நம்பித்தான் குடும்பத்தார் பங்கு வாங்குகிறார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் அதில் இருக்கும். வயதான காலத்துக்கு ஒதுக்கி வைத்த பணமும் அதில் இருக்கும்.

அந்தக் கையெழுத்தே பொய்யானால்?

ஜப்பானில் அப்படி நடந்தது. அதனால் நாட்டின் மிகப் பெரிய ஆடிட்டர் நிறுவனங்களில் ஒன்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்தக் கதை எல்லாருக்கும் ஒரு பாடம்.

கூட்டு பலம்

ஜப்பானில் முன்பு ஆடிட்டர்கள் தனித்தனியாக வேலை பார்த்தார்கள். 1965-ம் ஆண்டில் "சான்யோ ஸ்பெஷல் ஸ்டீல்" என்ற உருக்குக் கம்பெனி கவிழ்ந்தது. பல ஆண்டுகளாக அது காட்டிய கணக்கு பொய்க் கணக்கு என்று அப்போது தெரிந்தது.

தனி ஆள் ஒருவர் பெரிய கம்பெனியை எதிர்த்து நிற்பது கடினம். பலர் சேர்ந்தால் பலம் வரும். இந்த எண்ணத்தில் 1966-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆடிட்டர்கள் ஒன்று கூடி நிறுவனம் தொடங்க வழி பிறந்தது.

நிறுவனங்கள் தோன்றின. ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. வளர்ந்தன. கடைசியில் 4 பெரிய நிறுவனங்கள் முன்னணியில் நின்றன. அவற்றில் ஒன்று "சூவோ அவோயாமா". 2000-ம் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உண்டானது அது. ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை பார்த்தார்கள். ஜப்பானின் பெயர் பெற்ற கம்பெனிகள் பல அதன் கையெழுத்தைத் தேடி வந்தன.

போர்வைக்குள் நஷ்டம்

அப்படி வந்த கம்பெனிகளில் ஒன்று "கானெபோ". 1887-ம் ஆண்டில் தோன்றிய பழைய கம்பெனி. நூல் நூற்றுப் பெரிய ஆள் ஆயிற்று. பிறகு முகப்பூச்சு, அழகுச் சாமான்கள் விற்றும் புகழ் பெற்றது.

ஆனால், துணித் தொழில் நொடித்தது. நஷ்டம் வந்தது. அதை வெளியே சொல்ல மனம் வரவில்லை. கணக்கில் மறைத்தார்கள்.

எப்படி மறைத்தார்கள்? கானெபோவோடு நெருங்கிய தொடர்பு உள்ள ஒரு போர்வைக் கம்பெனி இருந்தது. அதில் பெருத்த நஷ்டம். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் கானெபோ கணக்குக் காட்ட வேண்டும். "அது எங்களைச் சேர்ந்தது அல்ல" என்பது போலக் காகிதத்தில் பிரித்துக் காட்டி விட்டார்கள். நஷ்டம் போர்வைக்குள் மறைந்தது!

சொத்தைவிடக் கடன் அதிகம் என்பதுதான் உண்மை நிலைமை. காகிதத்திலோ கம்பெனி கம்பீரமாக நின்றது. 5 ஆண்டுகளில் மறைத்த தொகை 20,000 கோடி யென்னுக்கு மேல்!

ஒவ்வோர் ஆண்டும் கணக்கின் அடியில் சூவோ அவோயாமாவின் கையெழுத்து இருந்தது.

2005-ம் ஆண்டில் குட்டு வெளிப்பட்டது. பங்கு மார்க்கெட்டில் இருந்து கானெபோ நீக்கப்பட்டது. அதன் பங்கை வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஆடிட்டர்கள் கைது செய்யப்பட்டார்கள். 3 பேர் மீது வழக்கு நடந்தது. பொய் என்று தெரிந்தே ஒத்துப்போனார்கள் என்று கோர்ட்டு முடிவு செய்தது. 2006-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தண்டனை விதித்தது. ஆனால், அவர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை என்று தண்டனையை நிறுத்தி வைத்தது.

2 மாதத் தடை

சர்க்கார் நிறுவனத்தையும் விடவில்லை. 2006-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு ஆகிய 2 மாதங்கள் சட்டப்படியான தணிக்கை வேலையைச் செய்யக்கூடாது என்று தடை போட்டது.

2 மாதம்தானே என்று நினைக்காதீர்கள். ஆடிட்டர் விற்பது அரிசியோ துணியோ அல்ல. அவர் விற்பது நம்பிக்கை. அது போய் விட்டால் கடையில் வேறு சரக்கே இல்லை! வாடிக்கைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின.

செப்டம்பர் மாதத்தில் நிறுவனம் "மிஸுஸு" என்று பெயரை மாற்றிக் கொண்டது. பெயர் மாறியதே தவிர, பழி மாறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் "நிக்கோ கார்டியல்" என்ற பெரிய பண நிறுவனத்தின் கணக்கிலும் தவறு வெளிவந்தது. அதற்கும் ஆடிட்டர் இவர்களே! 2007-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு மிஸுஸு தன் வேலையை முடித்துக் கொண்டது. அங்கே இருந்தவர்கள் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள்.

வழக்கில் சிக்கியவர்கள் 3 பேர். நிழல் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் மிகப் பலர் ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்.

மறுபடியும்

இதன் பிறகு ஜப்பான் சட்டத்தை இறுக்கியது. பெரிய கம்பெனியின் கணக்கைப் பார்க்கும் தலைமை ஆடிட்டர் 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற வேண்டும் என்றது. தவறு செய்த நிறுவனத்துக்கு அபராதம் போடவும் வழி செய்தது.

அதோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. 2015-ம் ஆண்டில் "தோஷிபா" கம்பெனி 15,000 கோடி யென்னுக்கு மேல் லாபத்தைக் கூட்டிக் காட்டியது தெரிந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தது "ஷின் நிஹோன்" என்ற இன்னொரு பெரிய ஆடிட்டர் நிறுவனம். அதற்கு 210 கோடி யென்னுக்கு மேல் அபராதம். 3 மாதங்களுக்குப் புதிய வேலை எடுக்கத் தடை.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது?

ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அவர் எந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறாரோ, அதே கம்பெனி! ஆண்டுக்கணக்கில் பழக்கம். காலையில் வணக்கம், மாலையில் விருந்து. கடைசியில், "இது தவறு" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. முதல் ஆண்டு சிறு தவறுக்குக் கண்ணை மூடினால், மறு ஆண்டு பெரிய தவறுக்கும் மூட வேண்டும். இல்லாவிட்டால் "போன வருஷம் ஏன் கையெழுத்துப் போட்டாய்?" என்ற கேள்வி வரும்!

நாம் சொல்வது

ஆளை மாற்றினால் மட்டும் போதாது. நிறுவனத்தையே மாற்ற வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்கார்ந்தால், முன்னவர் செய்த தவறைப் பின்னவர் காட்டிக் கொடுப்பது அரிது. வேறு நிறுவனம் வந்தால் பழைய மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும்.

இந்திய நாட்டில் 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இதைச் செய்திருக்கிறது. பங்கு மார்க்கெட்டில் உள்ள கம்பெனியின் கணக்கை ஒரே ஆடிட்டர் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் பார்க்க முடியாது. ஜப்பானும் இதைப் பற்றி ஆராய்ந்தது. ஆனால், கட்டாயம் ஆக்கவில்லை. ஆக்கியிருக்க வேண்டும்.

சட்டம் எவ்வளவு இருந்தாலும், பேனா பிடிக்கிற கை ஒரு மனிதனுடைய கைதான். சம்பளம் கொடுப்பவர் கம்பெனி முதலாளியாக இருக்கலாம். ஆனால், ஆடிட்டர் வேலை பார்ப்பது முகம் தெரியாத ஏழை எளிய பங்குதாரருக்காக. இதை மறக்காத ஆடிட்டர், சரியில்லாத கணக்கைத் திருப்பிக் கொடுப்பார்.

போடாத கையெழுத்தால் ஒரு வாடிக்கை போகும். போடக்கூடாத கையெழுத்தால் நிறுவனமே போகும்!